இலை தாரவர் கணக்கும் எங்கள் கணக்கும்

மூன்று வருஷத்துக்கு முன்னால் எங்கள் படிப்பகத்துக்கு வந்துகொண்டிருந்த பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, "லாப நட்டக் கணக்கு மண்டையில ஏறவே மாட்டேங்குது அக்கா" என்று நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். புத்தகத்தில் இருந்ததெல்லாம் யாரோ ஒரு வியாபாரி சரக்கு வாங்கி விற்ற கணக்கு. அதை மூடி வை, உங்க அம்மா பீடி சுத்துதாங்கல்ல, ஒரு மாசத்துக்கு அந்தக் கணக்கை எழுதிக்கொண்டு வா என்றேன். பாடம் புரியட்டும் என்றுதான் சொன்னேன். அந்த நாற்பது பக்க நோட்டு எங்கள் தெருவில் இவ்வளவு வேலை பார்க்கும் என்று அன்றைக்கு நினைக்கவில்லை.

வெளியூர்க்காரர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். முக்கூடல், வீரவநல்லூர், மேலப்பாளையம், அந்தப் பக்கம் கடையநல்லூர் வரைக்கும் எங்கள் திருநெல்வேலிச் சீமையில் எத்தனையோ தெருக்களில் திண்ணையிலும் நடையிலும் மடியில் சுளகோடு, அதாவது முறத்தோடு, பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். பீடிக் கடையில் இலையும் புகையிலைத் தூளும் நிறுத்துக் கொடுப்பார்கள். இலையை நனைத்துச் சாக்கில் சுற்றி வைத்து, பதமானதும் தகட்டை வைத்துக் கத்தரியால் வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி, நூல் கட்டி, 25 பீடி ஒரு கட்டு என்று சேர்த்துக் கடையில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. என் அம்மாவும் இப்படிச் சுற்றித்தான் என்னைப் பாளையங்கோட்டைக்குக் கல்லூரி படிக்க அனுப்பினாள். பரீட்சைக்குப் பணம் கட்டுகிற வாரங்களில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கத்தரிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்.

சரி, நோட்டுக்கு வருகிறேன். அந்தப் பிள்ளை ஒரு மாதம் விடாமல் எழுதினாள். இடது பக்கம் கடையில் கொடுத்த இலை, தூள். வலது பக்கம் போட்ட பீடி, கழித்துவிட்ட பீடி, கையில் வந்த காசு. மாதக் கடைசியில் பார்த்தால், ஆயிரம் பீடிக்கு என்று கொடுத்த இலையில் ஒரு நாள்கூட ஆயிரம் தேறவில்லை. இலை ஓட்டையாக இருக்கும், பொடிந்திருக்கும், சில நாள் எண்ணூற்றைம்பதோடு நின்றுவிடும். மிச்சத்துக்கு அம்மா வெளியில் காசு கொடுத்து இலை வாங்கிச் சுற்றியிருக்கிறாள். அந்த ஒரு மாதத்தில் மட்டும் இலைக்கு 640 ரூபாய். கழிவு என்று கடையில் ஒடித்துப் போட்டதற்குக் கூலியே இல்லை. மகள் இதை வாசித்துக் காட்டியபோது அந்த அம்மா சுளகை விட்டு நிமிராமல் சொன்னாராம்: "அதுக்கு என்னட்டி செய்ய? இலை தாரவிய சொல்லுததுதான் கணக்கு."

இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு வங்கதேசத்து ஜோப்ரா கிராமம்தான் ஞாபகம் வந்தது. சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த முகமது யூனுஸ், 1974ல் வந்த பஞ்சத்துக்குப் பிறகு, பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே இருந்த அந்தக் கிராமத்துக்குள் போய்ப் பார்க்கிறார். அங்கே ஒரு பெண் மூங்கில் முக்காலி செய்கிறாள். மூங்கில் வாங்கக் காசு கொடுக்கிற வியாபாரியிடமே, அவர் சொல்கிற விலைக்கே முக்காலியைப் போட்டாக வேண்டும். நாள் முழுக்க உழைத்தால் அவளுக்கு நிற்பது 50 பைசா. இப்படிச் சிக்கியிருந்த 42 பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்ட மொத்தப் பணம் 27 டாலர். அவர் தன் கையிலிருந்து அதைக் கொடுத்து 1976ல் தொடங்கியதுதான் 1983ல் கிராமீன் வங்கியாகி, 2006ல் நோபல் பரிசு வரை போனது. மூங்கிலுக்குப் பதில் பீடி இலை என்று வைத்துக்கொண்டால் அது அப்படியே எங்கள் தெருக் கதை.

ஆனால் எல்லாரும் அந்தக் கதையில் கடனை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் என்பது என் வருத்தம். யூனுஸ் கடன் கொடுப்பதற்கு முன்னால் வீடு வீடாகப் போய்க் கணக்கு எடுத்தார், அதுவும் மாணவர்களை வைத்துக்கொண்டு எடுத்தார். அதை விட்டுவிட்டுக் கடனை மட்டும் பரப்பினால் என்ன ஆகும் என்பதை 2010ல் ஆந்திராவில் பார்த்தோம். நுண்கடன் நிறுவனங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொடுத்த கடனில் குடும்பங்கள் மூச்சுமுட்டிப் போய், அரசு அவசரச் சட்டம் போட வேண்டியதாயிற்று. கடன் வசூலில் நடக்கும் அத்துமீறலைத் தடுக்கத் தமிழ்நாட்டிலும் 2025ல் சட்டம் வந்தது. எங்கள் தெருவிலும் வாரத் தவணை நாளன்று வாசல் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற வீடுகள் உண்டு. அதே தெருவில், 1989ல் தர்மபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களும் உண்டு. தங்கள் சேமிப்பைத் தாங்களே எழுதி வைத்து, உள்ளுக்குள்ளேயே கடன் கொடுத்து வாங்குகிற குழு சீக்கிரம் நொடிந்து போவதில்லை. எல்லாம் எழுத்தில் இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தாங்கும் என்று பத்துப் பேருக்கும் தெரிந்திருக்கிறது, அதனால்தான்.

இனி படிப்பகம் பற்றி. சென்னையில் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குத் திரும்பியபோது, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாலு பிள்ளைகளும் நானும் சேர்ந்து எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் முதலில் தொடங்கினோம். சாயங்காலம் ஆறு முதல் எட்டரை வரை. முதல் மாதம் இருபது பேர் வந்தார்கள், இருபதும் எங்கள் தெருப் பிள்ளைகள். மேலத் தெருவிலிருந்து ஒரு பிள்ளைகூட வரவில்லை, ஏன் என்று இந்த ஊரில் யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் கையில் என்ன நிறக் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்து, சாதியை வைத்து ஆளை எடைபோடுகிற வழக்கம் எங்கள் மாவட்டத்தில் எவ்வளவு ரத்தம் சிந்த வைத்திருக்கிறது என்பதைத் தமிழ்நாடே அறியும். நீதிபதி சந்துரு குழு 2024ல் கொடுத்த அறிக்கையில் அந்தக் கயிற்றைத் தடை செய்யச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

நாங்கள் செய்தது ஒன்றே ஒன்றுதான். பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் சும்மா கிடந்த பழைய பால் சொசைட்டி கட்டடத்தை வாடகைக்குப் பிடித்தோம். அது யார் தெருவிலும் இல்லை. ரெண்டு தெருவுக்கும் நடுவில், சாயங்காலம் எட்டு மணிக்கும் வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் இருக்கிற இடம். மூன்றாவது வாரம் மேலத் தெருவிலிருந்து ஒரு ஆச்சி பேத்தியைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து, வாசலிலேயே நின்று உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எட்டு மணிக்கு நானே வந்து கூட்டிட்டுப் போவேன், கேட்டியா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பேத்திக்குப் பிறகு பதினோரு பேர் வந்தார்கள். இன்றைக்கு எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்து படிக்கிறார்கள். வெளியே போனதும் என்ன ஆகிறது என்று கேட்டால், அது முழுசாக எங்கள் கையில் இல்லை. ஆனால் ரெண்டரை மணி நேரம் இருக்கிறது.

வங்கதேசத்தில் ஃபசல் ஹசன் ஆபேத் 1972ல் தொடங்கிய பிராக் தொண்டு அமைப்பு, 1985லிருந்து கிராமங்களில் ஒற்றை அறைப் பள்ளிகளை நடத்தியது. ஒரே அறை, ஒரே ஆசிரியை, அநேகமாக அதே ஊர்ப் பெண். அந்தப் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு அவளைத் தெரியும் என்பதுதான் அதில் பெரிய விஷயம். எங்கள் ஊருக்கும் இது புதுசு இல்லை. பாளையங்கோட்டையில் 1895ல் வந்த சாராள் தக்கர் கல்லூரியின் ஆரம்பம், ஊர்ப் பெண்களை ஆசிரியைகளாகப் பழக்கி அனுப்பியதில்தான் இருக்கிறது. அப்புறம் சேரன்மகாதேவி. அங்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்த பையனிடம் காமராஜர் பள்ளிக்கூடம் போகவில்லையா என்று கேட்க, போனால் நீ சோறு போடுவியா என்று அவன் திருப்பிக் கேட்டதாகச் சொல்லும் கதையை எங்கள் பக்கத்தில் தாத்தாக்கள் இன்றைக்கும் சொல்வார்கள். 1956ல் எட்டயபுரத்தில் அவர் மதிய உணவைத் தொடங்கி வைத்தபோது அந்த ஊரும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை இந்தச் சீமை அப்போதே சொல்லிவிட்டது.

நோட்டு எழுதிய பிள்ளை பன்னிரண்டு முடித்து பி.காம் சேர்ந்தாள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வர ஆரம்பித்தது. ஒன்பது மாதப் பணத்தைத் தொடாமல் சேர்த்து, மோட்டார் வைத்த பழைய தையல் மெஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து படிப்பகத்தின் பின்னறையில் போட்டாள். துணிப்பை தைக்கப் போகிறேன் அக்கா என்றாள். 2019ல் பிளாஸ்டிக் தடை வந்த பிறகு, அதுக்கு மேல் அரசே மீண்டும் மஞ்சப்பை என்று சொல்ல ஆரம்பித்த பிறகு, கடைகளிலும் கல்யாண வீடுகளிலும் துணிப்பைக்குத் தேவை இருக்கிறது என்பதைப் பார்த்து வைத்திருக்கிறாள். யாருட்டி தைப்பா என்று கேட்டேன். "இலையை வெட்டுத கைக்குத் துணியை வெட்டத் தெரியாதாக்கா?" என்றாள். உண்மைதான், எங்கள் அம்மாக்கள் காடாத் துணியில் கத்தரி போடுவதைப் பார்க்க வேண்டும், அளவு ஒரு நூல் பிசகாது.

முதல் ஆர்டர், எங்கள் தெருக் கல்யாணம் ஒன்றுக்கு 300 தாம்பூலப் பை, ஒன்று 14 ரூபாய், மொத்தம் 4,200. துணி, அச்சு, நூல், பிடி நாடா, டவுனுக்குப் போய்வந்த பஸ்ஸும் ஆட்டோவும் எல்லாம் சேர்த்துச் செலவு 3,730. 470 ரூபாய் லாபம் என்று தைத்த மூன்று பெண்களும் சந்தோஷப்பட்டு டீ வாங்கிவரச் சொன்னார்கள். அன்றைக்கு ராத்திரி அவள் அதே நோட்டை எடுத்து வைத்து, மூன்று பேர் நாலு நாள் உட்கார்ந்ததைப் பன்னிரண்டு ஆள் வேலை என்று எழுதி, 470ஐ அதால் வகுத்துக் காட்டினாள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 40 ரூபாய்கூட வரவில்லை. தன் உழைப்பைச் செலவில் எழுதாமல் லாபம் பார்ப்பது எங்களுக்கு அவ்வளவு பழகியிருக்கிறது. அந்த அம்மாக்கள் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் அவள் அம்மாதான் கேட்டார், "அப்பம் என்ன விலை சொல்லணும்ட்டி?" அடுத்த ஆர்டருக்கு 18 ரூபாய் சொன்னார்கள். கொடுத்தார்கள். கையும் பழகிவிட்டதால் 300 பை இப்போது ரெண்டே நாளில் முடிகிறது.

எல்லாம் சுகமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். டவுனில் ஒரு ஜவுளிக்கடை 1,000 பை வாங்கிக்கொண்டு ரெண்டரை மாதம் காசு தராமல் இழுத்தது. நாலு தடவை நடந்து, நாலு தடவையும் முதலாளி இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். கடன் கேட்டுப் போன வங்கிக் கிளையில், பொம்பளைப் பிள்ளை நாளைக்குக் கல்யாணம் ஆகிப் போய்விட்டால் யார் கட்டுவது என்று முகத்துக்கு நேராகக் கேட்டார்கள். அவளுக்கு அன்றைக்கு அழுகை வந்துவிட்டது, எனக்குக் கோபம். கடைசியில் தெரு மகளிர் குழுவிலிருந்து 30,000 ரூபாய் கொடுத்தார்கள். குழு நோட்டும் இவள் நோட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் யாரும் ரெண்டாவது கேள்வி கேட்கவில்லை. இப்போது நாலு மெஷின், ஏழு பெண்கள். பாதி காசு முன்பணம் வாங்காமல் துணியில் கத்தரி வைப்பதில்லை.

ஏழு பேரும் பீடியை விட்டுவிடவில்லை, விடச் சொல்லவும் எனக்கு வாய் வராது. பீடியில் பி.எஃப் இருக்கிறது, பீடித் தொழிலாளர் அட்டை இருக்கிறது, அதை வைத்துப் பிள்ளைக்கு உதவித்தொகை வருகிறது. ஆனால் இப்போது பீடிக் கடைக்கு நோட்டைக் கொண்டுபோகிறார்கள். இலை குறைந்தால் அங்கேயே நின்று எடை போட்டு எழுதுகிறார்கள். போன மாதம் ஒரு நாள் மோசமான இலைக்குப் பதில் வேறு இலை மாற்றிக் கொடுத்தார்களாம். அந்த ஒரு நாளைப் பற்றி அந்த அம்மா என்னிடம் மூன்று தடவை சொல்லிவிட்டார்.

இளைஞர்களுக்குத் தொழில்முனைவு சொல்லிக்கொடுக்கிறோம் என்று மேடை போட்டுப் பேசுகிறவர்கள் நிறையப் பேர் எங்கள் பக்கம் வருகிறார்கள், நல்லதுதான். தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் கம்பெனி வந்து உட்கார்ந்த பிறகு, கணினி வேலை என்றால் சென்னை, பெங்களூர் என்ற நினைப்பு கொஞ்சம் மாறியிருப்பதும் உண்மை. பன்னிரண்டு முடித்த பிள்ளைகளை உதவித்தொகை கொடுத்துப் பழக்குகிற அவர்களுடைய பள்ளிக்கு எங்கள் படிப்பகத்துப் பையன் ஒருவன் போயிருக்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறான். ஆனால் ஒரு பெரிய கம்பெனி எல்லாத் தெருவுக்கும் வராது. எங்கள் தெருவில் இருப்பது கத்தரி பிடித்த கையும் கணக்குப் படித்த பிள்ளையும்தான், அது ரெண்டும் ஒரே வீட்டில் இருந்தும் ஒன்றை ஒன்று பார்க்காமலே இத்தனை வருஷம் போய்விட்டது என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கடைசியாக ஒரு வேலை விஷயம். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறை கொடுக்கிற உதவித்தொகை, வகுப்பைப் பொறுத்து வருஷத்துக்கு 1,000 ரூபாயிலிருந்து 25,000 வரை இருக்கிறது, தேசிய உதவித்தொகை இணையதளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். போன தடவை எங்கள் ஊரில் ஒன்பது பிள்ளைகளுக்குக் கிடைக்காமல் போனதற்குக் காரணம், பீடி அட்டையில் அம்மா பெயர் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்ததுதான். முத்துலட்சுமி ஒன்றில் லட்சுமி ஆகியிருக்கும், ஒன்றில் இனிஷியல் இருக்காது. கடைசி வாரத்தில் ஓடினால் இதைச் சரிசெய்ய முடியாது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது இதை வாசித்தால், அட்டை, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் பால் சொசைட்டிக்கு வாருங்கள். பிள்ளைகள் ரெண்டு மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார்கள், பின்னறையில் மெஷின் சத்தம் கேட்கும், அதை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.