என் போர்ட்ஃபோலியோ சைட்டுக்கு ஐடியா கிடைச்சது பழைய தமிழ்ப் புத்தகங்கள்ல

புத்தக அட்டை, கடைகளுக்கு லேபிள், தமிழ் லெட்டரிங் (எழுத்துகள கையால வரைஞ்சு வடிவமைக்கிறது), இதுதான் என் வேலை. டிசைனர்கள் வேலைய காட்டுற பிஹான்ஸ் தளத்துல ஒரு பக்கம் வச்சிருக்கேன், இன்ஸ்டாலயும் போடுறேன், ஆனா யாராவது "உங்க வேலையெல்லாம் கொஞ்சம் அனுப்புங்க"ன்னு கேட்டா ஒவ்வொரு தடவையும் பழைய பிடிஎஃப்ப தேடி அனுப்ப வேண்டியிருந்துச்சு. சரி, செஞ்ச வேலைகள தொகுத்துக் காட்ட சொந்தமா ஒரு போர்ட்ஃபோலியோ சைட் பண்ணிரலாம்னு உக்காந்தேன். அத எப்படி பிளான் பண்ணேன்னு எழுதுனா இப்ப ஆரம்பிக்கிறவங்களுக்கு உதவும்னு தோணுது.

எல்லாரையும் மாதிரி முதல்ல ஆவ்வர்ட்ஸ் (நல்ல வெப்சைட் டிசைனுக்கு விருது குடுக்கிற தளம்), பின்ட்ரெஸ்ட் பாத்தேன். கருப்பு பேக்ரவுண்டு, ஸ்க்ரீன் முழுக்க பெரிய எழுத்து, கர்சர் பின்னாடியே ஓடி வர்ற வட்டம். பாக்க நிஜமாவே அழகா இருக்கு, அத பண்றவங்க உழைப்பும் பெருசு. ஆனா எனக்கு வேலை குடுக்கிறவங்க வாட்ஸ்அப்ல வந்த லிங்க்க போன்லயேதான் திறப்பாங்க, போன்ல கர்சரே கிடையாது. அதனால டிசைன அப்படியே ஒதுக்கி வச்சுட்டு, யாரு பாக்கப் போறாங்கன்னு ஒரு பேப்பர்ல எழுதினேன். சின்ன பதிப்பகம் நடத்துறவருக்கு முன் அட்டையோட முதுகும் பின்னட்டையும் சேத்துப் பாக்கணும், தலைப்பு சின்ன சைஸ்லயும் படிக்க வருதான்னு தெரியணும். கடைக்காரருக்கு லேபிள் பாட்டில்ல ஒட்டினா எப்படி இருக்குன்னு காட்டணும். ஸ்டுடியோவுல இருந்து பாக்கிறவங்க கைல போட்ட ஸ்கெட்ச்ச கேப்பாங்க. மூணு பேரையும் ஒரே பக்கத்துல திருப்திப்படுத்த முடியாது, அதனால சைட்டோட முகப்பு பதிப்பகங்களுக்குன்னு முடிவு பண்ணேன். இந்த ஒரு முடிவு வந்ததும் பாதி குழப்பம் போயிருச்சு.

அடுத்து எந்த வேலைய வைக்கிறதுன்னு பாக்கணும். எல்லாத்தையும் சின்னச் சின்னதா பிரிண்ட் எடுத்து தரையில பரப்பி, இதே மாதிரி வேலை திரும்ப வந்தா சந்தோஷமா செய்வேனான்னு ஒவ்வொண்ணையும் கேட்டு, இல்லன்னு தோணினத எடுத்துட்டேன். நல்லா காசு வந்த சிலதும் போச்சு, பரவால்ல.

சைட் எப்படி இருக்கணும்ங்கிற ஐடியா வேற இடத்துல இருந்து வந்துச்சு. தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்நூலகத்துல ஸ்கேன் பண்ணி வச்சிருக்கிற பழைய புத்தகங்கள பாத்துட்டு இருந்தேன். 19ஆம் நூற்றாண்டு புத்தகங்களோட முகப்புப் பக்கத்த கவனிச்சிருக்கீங்களா? நூலோட பேரு நடுவுல, அதுக்கு கீழ இன்னார் இயற்றியது, இன்னாரால் பரிசோதிக்கப்பட்டு இன்னாரது அச்சுக்கூடத்தில் பதிப்பிக்கப்பட்டதுன்னு வரிசையா இருக்கும், கடைசியில தமிழ் வருஷமும் இங்கிலீஷ் வருஷமும், சிலதுல விலையும் கூட. யாரு என்ன செஞ்சாங்கன்னு ஒரே பக்கத்துல தெளிவா வந்துருது. போர்ட்ஃபோலியோவுக்கும் இதேதான வேணும்! அதனால என் முகப்ப அப்படியே அமைச்சேன், பேரு, என்ன வேலை, எந்த ஊரு, எப்படி கூப்பிடணும், அவ்ளோதான். ஒவ்வொரு அட்டைக்குக் கீழயும் எழுத்தாளர், பதிப்பகம், அச்சகம், ஓவியம் யாரோடது, லெட்டரிங் யாரோடதுன்னு முழுசா போட்டேன். கூட வேலை செஞ்சவங்க பேர விடுறது எனக்கு எப்பவுமே உறுத்தும் விஷயம், இங்கயாவது அத சரியா செய்யணும்னு இருந்துச்சு.

ஃபிக்மாங்கிற டிசைன் டூல்ல லேஅவுட் போடும்போது லோரம் இப்சம்னு இடத்த நிரப்ப வைக்கிற அர்த்தமில்லாத டெக்ஸ்ட வைக்காதீங்க, தமிழ்ல பண்றீங்கன்னா இது ரொம்ப முக்கியம். இங்கிலீஷ்ல 'கான்டாக்ட்'னு அடங்கிப் போற பட்டன்ல 'தொடர்புகொள்ள'ன்னு போட்டா வெளிய வந்துரும். லைன் ஹைட்ட (ஒரு வரிக்கு விடுற உயரம்) எழுத்தளவுல 1.2 மடங்கா வச்சா மேல் வரியில 'கூ'வோட கீழ்ப்பகுதியும் கீழ் வரியில 'ணி'யோட மேல்கொக்கியும் முட்டிக்குது, 1.6 கிட்ட வந்தாதான் கண்ணுக்கு மூச்சு விட முடியுது. கூகுள் ஃபான்ட்ஸ்ல கேட்டமரான், ஹிந்த் மதுரை, முக்தா மலர்னு மூணு தமிழ் ஃபான்ட்டையும் என் சொந்த பத்தியிலயே போட்டுப் பாத்து முக்தா மலர எடுத்துக்கிட்டேன், மெல்லிசுல இருந்து தடிமன் வரைக்கும் நிறைய வெயிட் இருக்கு, இங்கிலீஷ் எழுத்தும் ஒட்டாம நிக்கல. தலைப்புகள மட்டும் என் கையெழுத்துல வரைஞ்சு எஸ்விஜியா (பெருசாக்கினாலும் மங்காத பட ஃபார்மட்) வச்சேன், கூடவே அதே வார்த்தைகள டெக்ஸ்டாவும் குடுத்தேன், இல்லன்னா ஸ்க்ரீன்ல இருக்கிறத வாசிச்சுக் காட்டுற ஸ்க்ரீன் ரீடர் வச்சு படிக்கிறவங்களுக்கு அங்க ஒண்ணுமே இருக்காது.

படங்கள வெப்பிங்கிற (WebP) சின்ன சைஸ் ஃபார்மட்டுக்கு மாத்தினதுல பக்கம் நல்லா இலகுவாச்சு. வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பும்போது ஒரு படம் தெரியுமில்ல, அதுக்குன்னு தனியா 1200க்கு 630 பிக்சல்ல ஒண்ணு செஞ்சு, பக்கத்தோட கோட்ல ஓஜி இமேஜ்னு (og:image) குடுக்கணும். நிறைய பேரு இத விட்டுர்றாங்க, ஆனா உங்க சைட்ட பத்தி அவங்க முதல்ல பாக்கிறதே அந்தப் படம்தான்.

எனக்கு கொஞ்சம் எச்டிஎம்எல் தெரியும்ங்கிறதால கிட்ஹப் பேஜஸ்ங்கிற சேவையில சைட்ட இலவசமா ஏத்தி, டொமைன் (சைட்டோட முகவரி) மட்டும் காசு குடுத்து வாங்கினேன். கோட் வேணாம்னா, கோட் எழுதாமலே சைட் செய்ய விடுற ஃப்ரேமர் இல்லன்னா வெப்ஃப்ளோ போங்க, ஆனா சொந்த டொமைன் இணைக்க அங்க மாசக் காசு கட்டணும்.

லிங்க்க ஒரு பதிப்பாளர் அண்ணனுக்கு அனுப்பினேன். அட்டைய பத்தி பேசறதுக்கு முன்னாடியே "அந்த அச்சகம் எதுப்பா, கலர் நல்லா வந்திருக்கே, நம்பர் குடு"ன்னு கேட்டாரு. குடுத்தேன். அடுத்து லேபிள்களுக்கு தனி பக்கம் பண்ணணும், அதுக்கு கடை கடையா போய் ஷெல்ஃபுல வச்சே போட்டோ எடுக்கப் போறேன்.