வயலே இல்லாத ஊரில் வைக்கோல் கட்டும் மிஷின்

நான் வேலை பார்ப்பது தோட்டப் பராமரிப்புக் குத்தகை எடுக்கும் ஒரு சிறிய நிறுவனத்தில். சாலையோர மரங்களைக் கவாத்து செய்வது, புல் வெட்டுவது, உதிர்ந்த இலையைக் கூட்டி அள்ளுவது, இவைதான் எங்கள் பிழைப்பு. வெட்டிய கிளைகளுக்குச் சிங்கப்பூரில் போக்கிடம் உண்டு. சிப்பரில் விட்டுத் துண்டாக்கினால் கொதிகலனுக்கு எரிபொருள் ஆகிவிடும். கரையோரப் பூந்தோட்டங்களின் (கார்டன்ஸ் பை த பே) கண்ணாடிக் கூடங்களைக் குளிர்விக்கவும் இந்த மரக்கழிவு எரிகிறது என்பது பலருக்குத் தெரியாது.

தொல்லை இலைதான். லாரி வழிய வழிய ஏற்றினாலும் எடைமேடையில் ஒன்றும் தேறாது. காற்றைச் சுமந்துகொண்டு போகிறோம், அவ்வளவுதான். திறந்த வெளியில் கொளுத்தவும் முடியாது, சட்டம் விடாது.

யோசனை கொடுத்தவர் எங்கள் குழுவில் இருக்கும் மன்னார்குடிக்காரர். "அண்ணே, எங்க ஊர்ல அறுவடை மிஷின் போன பின்னாடியே பேலர் வந்து வைக்கோலக் கட்டிட்டுப் போயிரும்ல, அது ஒண்ணு இங்க இருந்தா இந்த இலையக் கட்டிரலாமே" என்றார். முதலில் சிரித்தோம். வைக்கோலே இல்லாத ஊரில் வைக்கோல் மிஷினுக்கு எங்கே போவது?

மலேசியாவின் ஜொகூரில் பழைய விவசாய இயந்திரங்கள் விற்கும் ஒருவரிடம் கிடைத்தது. சதுரக் கட்டு போடும் பழைய ரகம், ஐரோப்பாவில் செய்தது, சிவப்புச் சாயம் வெளிறி ரோஜா நிறமாகியிருந்தது. மலேசியாவையும் சிங்கப்பூரையும் இணைக்கும் இரண்டாம் பாலம் வழியாகத் துவாஸுக்குள் கொண்டு வந்தோம். ஜிஎஸ்டி 9 விழுக்காடு, லாரி வாடகை எல்லாம் சேர்ந்து மிஷின் விலையைத் தொட்டுவிட்டது. பாஸ் முகம் அன்று முழுக்கச் சரியில்லை.

மிஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது. முன்னால் சுழலும் கம்பிப் பற்கள் தரையில் கிடப்பதை வாரி உள்ளே தள்ளும். உள்ளே பிளஞ்சர் என்ற கனத்த இரும்புக் கட்டை முன்னும் பின்னும் போய், வந்ததை அடுக்கடுக்காக அமுக்கும். கட்டு வேண்டிய நீளத்துக்கு வந்ததும் இரண்டு வளைந்த ஊசிகள் கயிற்றைக் கீழிருந்து மேலே கொண்டு வரும். மேலே நாட்டர் என்ற பகுதி முடிச்சுப் போட்டு அறுத்துவிடும். டிராக்டரின் பின்பக்கச் சுழல்தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றினால் போதும், இத்தனையும் அதிலேயே ஓடும்.

எங்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது அந்த நாட்டர். முடிச்சு விழும், ஆனால் கிளி மூக்குப் போலிருக்கும் கொக்கியை விட்டு வழுக்கி வராது; கயிறு இழுபட்டு அறுந்துபோகும். கிராஞ்சியில் பழைய டிராக்டர்களைப் பார்த்துக் கொடுக்கும் ஒரு சீன அங்கிளைக் கூட்டி வந்தோம். அவர் இயந்திரத்தை ஓட்டவே இல்லை. டிராக்டரை அணைக்கச் சொன்னார், தண்டைக் கழற்றச் சொன்னார், நாட்டரின் விசையைத் தட்டிவிட்டு, முன்பக்கம் இருக்கும் பெரிய சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார். ஊசி மேலே வருகிறது, தட்டு இரண்டு கயிறையும் பிடிக்கிறது, கொக்கி ஒரு சுற்றுச் சுற்றி வாயைத் திறந்து கயிற்று நுனியைக் கவ்வுகிறது. அங்கே நிறுத்தினார். கொக்கியின் மேல் விரலை வைத்துத் தடவச் சொன்னார். பார்வைக்குத் தெரியாத துரு, உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தது. மெல்லிய எமரி தாளால் தேய்த்து, எண்ணெய் துடைத்து, கொக்கியின் ஸ்பிரிங்கைக் கால் சுற்றுத் தளர்த்தினார். அடுத்த முடிச்சு வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. பழைய பேலர் வாங்கப் போகிறவர்கள் டயரையும் சாயத்தையும் விட்டுவிட்டு, இப்படிக் கையால் சுற்றி இரண்டு முடிச்சும் விழுகிறதா என்று பார்த்த பிறகு விலை பேசுங்கள்.

அங்கிள் இன்னொன்றும் சொன்னார். சக்கரத்தில் வேண்டுமென்றே பலவீனமாக ஒரு போல்ட் இருக்கும், உள்ளே ஏதாவது சிக்கினால் அது உடைந்து மற்றதைக் காப்பாற்றும். அடிக்கடி உடைகிறதே என்று கெட்டியான போல்ட் போட்டால் அடுத்து உடைவது ஊசி.

சரி, முடிச்சு விழுந்தாயிற்று. இலை கட்டாகுமா? ஆகவில்லை. வைக்கோலும் புல்லும் நீளத் தண்டுகள், ஒன்றோடொன்று பின்னிப் பிடித்துக்கொள்ளும். தூங்குமூஞ்சி மரத்துச் சிற்றிலை தவிடு மாதிரி. அமுக்கும்போது கட்டுப்போல இருக்கும், தூக்கினால் கயிறு மட்டும் கையில் வரும். நாட்டுவாதுமையின் பெரிய இலை பரவாயில்லை, ஆனாலும் அடுக்கடுக்காகப் பிளந்துவிடும். வழி காட்டியது லாலாங். காலி நிலங்களில் இடுப்பளவு வளரும் அந்தப் புல்லை நாங்கள்தானே வெட்டுகிறோம்? அதைக் காயவைத்து, மூன்று பங்கு இலைக்கு ஒரு பங்கு என்று மாற்றி மாற்றிப் போட்டோம். கட்டு நின்றது. தென்னை மட்டையை மட்டும் கிட்டே விடவில்லை, பற்களில் சுற்றிக்கொண்டால் பிரித்தெடுக்கும் வேலை வேறு.

வயலில் ஓடும் மிஷினை நாங்கள் ஒரே இடத்தில் நிறுத்தித்தான் ஊட்டுகிறோம். இதில் ஆபத்து அதிகம், பூசி மெழுக எதுவுமில்லை. ஓடும்போது பற்களின் பக்கம் கை போகக்கூடாது. முன்னால் நீளமான மேசை வைத்து, நீண்ட காம்புக் கவையால்தான் தள்ளுவோம். சிக்கினால் டிராக்டரை அணைத்து, சாவியைப் பையில் போட்டுக்கொண்டுதான் பக்கத்தில் போவது.

இதையெல்லாம்விடப் பெரிய வேலை காயவைப்பது. வைக்கோலைப் பொறுத்தவரை ஈரம் 20 விழுக்காட்டைத் தாண்டினால் கட்டு உள்ளே சூடாகும், பூசணம் பிடிக்கும், மோசமானால் தானே தீப்பிடிக்கும். சிங்கப்பூர்க் காற்றிலேயே ஈரம் தளும்புகிறது, கேட்க வேண்டுமா! கூரைக்கு அடியில் மெல்லிசாகப் பரப்பி, விசிறி போட்டு, புரட்டிப் புரட்டிப் போட்டால்தான் வழிக்கு வரும். ஈரத்தை அளக்கச் சமையலறை மைக்ரோவேவ் போதும். 100 கிராம் இலை, மூலையில் ஒரு கோப்பைத் தண்ணீர், கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கி, எடை குறைவது நின்றதும் பார்த்தால் குறைந்த கிராம் எவ்வளவோ அதுவே ஈரத்தின் விழுக்காடு. வீட்டு மைக்ரோவேவில் செய்யாதீர்கள், நாற்றம் போகாது. அடுக்கிய பின்பும் நடுவில் இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி வைக்கிறோம். உருவித் தொட்டால் சுடுகிறதென்றால் அந்த அடுக்கைப் பிரித்துவிடுவோம். மேலே மூடும் தார்ப்பாயில் மழைநீர் தேங்கவே கூடாது. கொசுப்புழு ஒன்று கண்ணில் பட்டால் போதும், தேசிய சுற்றுப்புற வாரியத்துக்குப் பதில் சொல்லி மாளாது.

எரிபொருளாக எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது சுங்கை காடுட் பக்கம் கொதிகலன் வைத்திருக்கும் ஓர் இடம். அவர்கள் முதல் கட்டைப் பிரித்துப் பார்த்ததும் குறை சொன்னது மண்ணைத்தான். சாலையோரம் கூட்டிய இலையில் மணல் வரும், அது அடுப்பில் உருகிக் கட்டிதட்டி, அடித்தட்டுக் கம்பிகளில் ஒட்டிக்கொள்ளும். இலையில் மரத்தைவிடச் சாம்பல் அதிகம் என்பது ஏற்கெனவே அவர்களுக்குக் குறைதான். கம்பிவலை மேசையில் குலுக்கிச் சலித்த பிறகுதான் இப்போது மிஷினுக்கே அனுப்புகிறோம். அப்புறம் கயிறு. நாங்கள் போட்டது நீலநிற பிளாஸ்டிக் கயிறு, அடுப்புக்குள் பிளாஸ்டிக் போகக்கூடாது என்றார்கள். சைசல் நார்க் கயிற்றுக்கு மாறினோம். விலை கூடுதல், மழையில் நனைந்தால் இற்றுப்போகும், ஆனால் கட்டோடு சேர்த்து அப்படியே அடுப்பில் போடலாம்.

லிம் சூ காங்கில் கீரைப் பண்ணை வைத்திருக்கும் தெரிந்தவர் தன் கழிவையும் கட்டித் தரக் கேட்டார். தொட்டால் தண்ணீர் சொட்டும் கீரைத் தண்டு அது. உரக்குழிக்கே போடச் சொல்லிவிட்டோம்.

எரிபொருள் என்று அவர்கள் தரும் காசு கயிற்று விலைக்குச் சரியாக இருக்கிறது. எங்களுக்கு மிச்சம் வேறு இடத்தில்: குப்பைக் கட்டணம் போயிற்று, லாரிக்கும் அலைச்சல் பாதியாயிற்று. பாஸ் கணக்குப் பார்ப்பதும் அதை வைத்துத்தான். டிசம்பர் மழையில் மட்டும் எதுவும் காயாது. நாட்டருக்கு எண்ணெய் போட்டு மூடிவைத்துவிட்டு, இலையைப் பழையபடி உரத்துக்கு அனுப்புகிறோம்.