நாவிஸ் ரிங்கில் ஒரு முறைதான் கூப்பிடலாம்

எங்கள் நாய் செவலை இந்த வசந்த காலத்தில், கீழ்ப்படிதல் போட்டியில் தேறும் நாய்களுக்குத் தரப்படும் சிடி பட்டத்துக்குத் தேவையான மூன்றாவது தகுதி மதிப்பெண்ணைப் பெற்றாள். அன்று எடுத்த அவளுடைய படத்தைப் பகிர்ந்த நாளிலிருந்து, இங்கே நியூ ஜெர்சியிலும் பக்கத்து மாநிலங்களிலும் நாய் வளர்க்கும் தமிழ் நண்பர்கள் பலர், நாய்களுக்கான கீழ்ப்படிதல் போட்டியின் முதல் நிலையில் சேர என்ன தகுதி வேண்டும், நாய்க்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், ஜாதி நாயாக இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதும்போது ஒவ்வொருவருக்கும் ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறேன் என்பதால், நாய்களைப் பதிவுசெய்து இந்தப் போட்டிகளுக்கு விதி வகுக்கும் அமெரிக்கன் கென்னல் கிளப்பின் விதிகளையும், அவற்றோடு இரண்டு வருடம் பழகியதில் எனக்குப் புரிந்தவற்றையும் இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஜாதி நாய் விஷயம். செவலை காப்பகத்திலிருந்து தத்தெடுத்த கலப்பின நாய். ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடங்கியும் இருக்கும் அவளுக்குத் தாய் தகப்பன் யார் என்று சொல்லும் காகிதம் எதுவும் கிடையாது. 1884-இல் தொடங்கப்பட்ட இந்த கென்னல் கிளப், நெடுங்காலம் இத்தகைய நாய்களைத் தன் போட்டிகளில் சேர்க்கவில்லை. 2010 ஏப்ரலிலிருந்துதான் 'கேனைன் பார்ட்னர்ஸ்' என்ற பதிவின் கீழ் கலப்பின நாய்களும் கீழ்ப்படிதல் போட்டிகளில் கலந்துகொள்ள முடிகிறது. பார்த்தால் தூய இனமாகத் தெரிந்தும் காகிதம் இல்லாத நாய்களுக்கு 'பிஏஎல்' என்ற வேறொரு பதிவு இருக்கிறது. ஆகவே உங்கள் நாய் எதுவாக இருந்தாலும் ஏதோ ஒரு பதிவு எண் வாங்கிவிடலாம். அதுதான் முதல் வேலை. போட்டி நாளன்று நாய்க்கு ஆறு மாதமாவது நிறைந்திருக்க வேண்டும். அழகுப் போட்டியைப் போலன்றி, கருத்தடை செய்த நாய்களுக்கு இங்கே தடை இல்லை. பருவத்தில் இருக்கும் பெண் நாயைக் கொண்டுவரக் கூடாது. நொண்டும் நாயும், உடம்பில் கட்டுப் போட்ட நாயும் போட்டியிடக் கூடாது என்ற விதியை நான் மிகவும் மதிக்கிறேன். கட்டணம் கட்டிவிட்டோமே என்று வலியோடு இருக்கும் நாயை இழுத்துக்கொண்டு போக நமக்குத் தோன்றக்கூடிய அந்த ஒரு நொடியில், அந்த விதி நாயின் பக்கம் நிற்கிறது.

இந்தப் போட்டி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்ற பெண்மணி ஸ்டாண்டர்டு பூடில் நாய்கள் வளர்த்துவந்தார். பூடில் என்றால் அலங்காரத்துக்கு மட்டுமே ஆகும் நாய் என்ற பேச்சைப் பொறுக்காமல், இங்கிலாந்தில் நடந்துவந்த கீழ்ப்படிதல் தேர்வுகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1933 அக்டோபரில் நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் கிஸ்கோவில் முதல் தேர்வை நடத்தினார். அன்று கலந்துகொண்டவை எட்டே நாய்கள். 1936-இல் கென்னல் கிளப் இதை முறையான போட்டியாக ஏற்றுக்கொண்டது. மறு வருடம் அவரும், அவருடன் பணியாற்றிய பிளான்ச் சாண்டர்ஸும் ஒரு டிரெய்லர் வண்டியில் நாய்களை ஏற்றிக்கொண்டு, ஊர் ஊராகப் போய் செய்து காட்டினார்கள். பெயர் பெற்ற இனம், பெயர் பெறாத இனம் என்ற பேச்சுக்கு எதிராகப் பிறந்த போட்டிக்குள் கலப்பின நாய்கள் நுழைய எழுபது வருடங்களுக்கு மேல் ஆனது எனக்கு இன்றும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

பதிவு எண் வந்ததும் எந்த வகுப்பில் சேர்வது என்ற கேள்வி வரும். 'பிகினர் நாவிஸ்' என்பது மிக எளிய படி. அதில் வாரோடு (லீஷ்) நடப்பது, இரண்டு ஆட்களைச் சுற்றி எட்டுப் போல நடப்பது, உட்கார்ந்த நிலையில் நடுவர் தலையைத் தொட விடுவது, நாம் ரிங் எனப்படும் போட்டிக் களத்தை ஒரு சுற்று சுற்றி வரும்வரை உட்கார்ந்தே இருப்பது, கூப்பிட்டால் வருவது என்று ஐந்து பயிற்சிகள், ஒவ்வொன்றுக்கும் 40 மதிப்பெண். கடைசிப் பயிற்சியில் மட்டும்தான் வாரைக் கழற்றுவார்கள். இதற்கு அடுத்தது, சிடி எனப்படும் 'கம்பேனியன் டாக்' பட்டத்துக்கான நாவிஸ் வகுப்பு. இதற்கு முன் எந்த நாயையும் நடத்திச் சிடி பட்டம் பெறாதவர், தன்னுடைய அல்லது தன் வீட்டாருடைய நாயோடு வந்தால் அவருக்கு 'நாவிஸ் ஏ'. மற்றவர்களுக்கு 'நாவிஸ் பி'. செய்ய வேண்டியவை இரண்டிலும் ஒன்றேதான். 'ஏ' வகுப்பில் பட்டம் பெறும் வாய்ப்பு ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறைதான் கிடைக்கிறது என்பதால், அவசரப்பட்டு அரைகுறைப் பயிற்சியோடு அதில் நுழைய வேண்டாம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். பிகினர் நாவிஸை முதலில் முயன்று பாருங்கள்.

நாவிஸில் மொத்தம் 200 மதிப்பெண். தேற 170 வேண்டும். அதோடு ஒவ்வொரு பயிற்சியிலும் பாதிக்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். இப்படி மூன்று போட்டிகளில், குறைந்தது இரண்டு வெவ்வேறு நடுவர்களிடம் தேறினால் பட்டம். வாரோடு நடப்பதும் எட்டுப் போடுவதும் சேர்த்து 40, நின்ற நிலையில் நடுவர் தொட்டுப் பார்ப்பது 30, வார் இல்லாமல் நடப்பது 40, கூப்பிட்டால் வருவது 30, நாம் போய் வாரை எடுத்துக்கொண்டு திரும்பும்வரை உட்கார்ந்திருப்பது 30, கடைசியில் மற்ற நாய்களோடு வரிசையில் உட்கார்ந்தும் படுத்தும் காட்டுவது 30. நடையில் நாயின் தலை முதல் தோள் வரையிலான பகுதி நம் இடது இடுப்புக்கு நேராக வர வேண்டும். நடுவர் சொல்லச் சொல்ல இடப்பக்கம், வலப்பக்கம், முழுத் திருப்பம், மெதுநடை, ஓட்டம் என்று மாறிக்கொண்டே இருப்போம். நாம் நின்ற இடத்தில் நாய், யாரும் சொல்லாமலே, நேராக உட்கார வேண்டும். கோணலாக உட்கார்ந்தாலும், வார் இறுகினாலும், பின்தங்கினாலும் அரை அரை மதிப்பெண்ணாகப் போய்க்கொண்டே இருக்கும். எட்டுப் போடும்போது எட்டு அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு உதவியாளர்களையும் முகர்ந்து பார்க்க எல்லா நாய்க்கும் ஆசைதான்.

இவையெல்லாம் பழகினால் வந்துவிடும். வராமல் என்னைப் படுத்தியது ஒன்றுதான்: ரிங்கில் எதையும் ஒரு முறைதான் சொல்லலாம். நாயின் பெயரை ஒரு முறை, உடனே கட்டளையை ஒரு முறை. கூப்பிடும் பயிற்சியில் குரல் கொடுக்கலாம், அல்லது கைச்சைகை காட்டலாம். இரண்டையும் சேர்த்துச் செய்யக் கூடாது. தலையை லேசாக ஆட்டுவதும் தோளைத் தாழ்த்துவதும் கூட நடுவரின் கண்ணுக்கு இன்னொரு சைகைதான். நம் வீடுகளில் நாயைக் கூப்பிடுவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். "வா, வாம்மா, இங்க வா, வாடி செல்லம்" என்று நான்கு முறை கூப்பிட்டு, நான்காவது முறைக்கு வந்தால் கொஞ்சுகிறோம். நான்காவது 'வா'தான் உண்மையான 'வா' என்று அந்த நாய் கற்றுக்கொள்கிறது.

செவலைக்கு எல்லாக் கட்டளைகளும் தமிழில்தான். தமிழில் பழக்கும்போது எனக்கு வேறொரு சிக்கலும் வந்தது. உட்காரு, படு, இரு, நில்லு எல்லாமே உகரத்தில் முடிகின்றன. தூரத்திலிருந்து கேட்கும் நாய்க்கு 'உட்காரு'வின் வாலும் 'இரு'வும் ஒன்றுபோலவே விழுகின்றன. போதாக்குறைக்கு 'இரு' என்ற சொல்லை நாம் நாள் முழுக்க யாரிடமாவது சொல்லிக்கொண்டே இருக்கிறோம்: தொலைபேசியில் "ஒரு நிமிஷம் இரு", அடுப்படியில் "இரு, வர்றேன்". அதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கு அந்தச் சொல் காற்றாகிவிட்டது. ஆறு மாதம் வீணான பிறகு, அசையாமல் இருப்பதற்கு 'அப்படியே' என்று மாற்றினேன். நீண்டு ஒலிக்கும் அந்தச் சொல்லை வீட்டில் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லி வைத்தேன். இரண்டே வாரத்தில் பிடித்துக்கொண்டாள்.

நின்ற நிலையில் நடுவர் தொடும் பயிற்சியை எங்களுக்குக் கற்றுத்தந்தது என் அப்பா. மதுரையிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்தவரிடம், "அப்பா, நீங்கதான் ஜட்ஜ்" என்று சொல்லி ஒரு தொப்பியைக் கொடுத்தேன், ஏனென்றால் செவலைக்குத் தொப்பி போட்ட ஆண்களைக் கண்டால் ஆகாது. விதி இதுதான்: வார் இல்லாமல் நாயை நிற்க வைத்துவிட்டு, நாம் ஆறடி தள்ளிப்போய்த் திரும்பி நிற்க வேண்டும், நடுவர் வந்து தலை, முதுகு, பின்பகுதி மூன்றையும் விரலால் தொடுவார், நாய் காலை நகர்த்தாமல், உட்காராமல், உறுமாமல் நிற்க வேண்டும். முதல் வாரம் அப்பா பத்தடி தூரத்தில் வரும்போதே அவள் உட்கார்ந்துவிடுவாள். அப்பா பொறுமையாகத் திரும்பிப்போய், மறுபடி வராந்தாவிலிருந்து நடந்து வருவார். பிறகு முதுகில் கை பட்டதும் பின்னங்காலை மட்டும் அரை அங்குலம் தூக்கி வைப்பாள். அந்த ரோமம் சிலிர்ப்பது எனக்கு ஆறடிக்கு இப்பாலிருந்தே தெரியும். மூன்றாவது மாதத்தில் ஒரு நாள் காலை, அவர் தொட்டுவிட்டு விலகிய பிறகும் அவள் நான்கு காலும் ஊன்றி நின்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்த்தியாம்மா, உன்னையத்தான் பார்க்குது, என்னைய இல்ல" என்றார் அப்பா.

என்னுடைய முதல் நாவிஸ் போட்டியில் அந்தப் பயிற்சியை அவள் அப்பழுக்கில்லாமல் செய்தாள். தவறு என்னுடையது. கூப்பிடும் பயிற்சியில் நாயை ஒரு முனையில் உட்கார வைத்துவிட்டு, ஏறத்தாழ முப்பத்தைந்து அடி நடந்து எதிர்முனையில் திரும்பி நின்றேன். நடுவர் கூப்பிடச் சொன்னார். "செவலை, வா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், எழவில்லை. பக்கத்து ரிங்கில், நாய்கள் கவ்விவரும் டம்பெல் ஒன்று தரையில் விழுந்த சத்தத்துக்குக் காது மட்டும் திரும்பியது. இரண்டு நொடி இருக்கும். அதற்குள் என் வாய் தானாக "வா" என்று மறுபடி சொல்லிவிட்டது. அவள் பாய்ந்து வந்து நேராக என் முன்னால் உட்கார்ந்தாள், தலையைத் தொடும் தூரத்தில், இம்மி பிசகாமல். பின்பு சொன்னதும் சுற்றிவந்து இடப்பக்கம் சேர்ந்தாள். ஆனால் இரண்டாவது கட்டளை கொடுத்தால் அந்தப் பயிற்சியில் தேர்ச்சி கிடையாது. மற்றதில் எவ்வளவு வாங்கியிருந்தாலும் அன்றைய போட்டியே கணக்கில் வராது. நடுவர் மிகுந்த அன்போடு அதைச் சொன்னார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம், அவள் அந்த இரண்டு நொடியில் யோசித்துக்கொண்டுதான் இருந்தாள், நான்தான் காத்திருக்கவில்லை என்ற எண்ணமே திரும்பத் திரும்ப வந்தது. அதன் பிறகு பயிற்சியில் ஒரு முறை சொல்லிவிட்டு மனத்துக்குள் பத்து வரை எண்ணப் பழகினேன். வராவிட்டால் கூப்பிடாமல் நடந்துபோய் வாரை மாட்டி, தூரத்தைப் பாதியாகக் குறைத்து மறுபடி தொடங்குவேன்.

ரிங்குக்குள் தின்பண்டமும் விளையாட்டுப் பொருளும் கொண்டுபோக முடியாது என்பதைப் பலர் கடைசி நேரத்தில்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஒரு பயிற்சி முடிந்து அடுத்தது தொடங்கும் முன் பாராட்டிப் பேசலாம், தடவிக் கொடுக்கலாம், அவ்வளவுதான். ஒவ்வொரு அடிக்கும் கோழித் துண்டு வாங்கிப் பழகிய நாய், வெறுங்கையோடு ஏழெட்டு நிமிடம் நடப்பவரை நம்பாது. ஆகவே போட்டிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே தின்பண்டத்தை ரிங்குக்கு வெளியே ஒரு நாற்காலியில் வைத்துவிட்டு, முழு வரிசையையும் செய்து முடித்த பிறகு இருவரும் ஓடிப்போய் எடுத்துக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். கழுத்துப்பட்டை சாதாரணமானதாக இருக்க வேண்டும், அதில் எதுவும் தொங்கக் கூடாது. முள் பட்டையும் மின்சாரப் பட்டையும் கூடாது. வார் துணியிலோ தோலிலோ இருக்கலாம். ரிங்குக்குள் நாய் சிறுநீரோ மலமோ கழித்தால் அன்றைக்குத் தேர்ச்சி இல்லை என்பதால், அழைக்கும் முன் ஒரு நடை வெளியே கூட்டிப்போவதை மறக்கக் கூடாது. ரிங்கில் நாயைக் கண்டிப்பதும் இழுத்துத் திருத்துவதும் கூடாது. கடுமையாக நடந்துகொள்பவரை நடுவர் வெளியே அனுப்பிவிடுவார், அனுப்பவும் வேண்டும்.

குழுப் பயிற்சியைப் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு ஒரு சொல். பழைய விதியில் வாரைக் கழற்றி, நாய்களை வரிசையாக விட்டுவிட்டு, நாம் எதிர்ப்புறம் போய் நிற்க வேண்டும். உட்கார்வது ஒரு நிமிடம், படுப்பது மூன்று நிமிடம். ஒரு நாய் எழுந்துபோய் இன்னொன்றின் மேல் பாய்ந்துவிட்டால் தடுக்க வழியில்லை என்று பல வருடம் விவாதம் நடந்தது. 2018-இல் அதை மாற்றினார்கள். இப்போது வார் மாட்டியே இருக்கும், ஆறடி தூரத்தில் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். உட்கார்வது ஒரு நிமிடம், படுப்பதும் ஒரு நிமிடம். பழைய முறைதான் உண்மையான சோதனை என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காப்பகத்துக்கு வரும் முன்பே வேறொரு நாயிடம் கடிபட்டிருந்த செவலையை அப்படி விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வந்திருக்காது. மூன்றாவது போட்டியில் அவளுக்கு வலப்பக்கம் ஒரு பெரிய நியூஃபவுண்ட்லாண்ட் இன நாய் படுத்திருந்தது. முப்பது நொடிக்கு மேல் ஆனபோது அது பெருமூச்சு விட்டுத் தன் தலையைத் தரையில் சாய்த்தது. செவலை அதை ஒரு முறை பார்த்தாள், பின் தன் மடங்கிய காதை நக்கிக்கொள்ள முயல்பவள்போல் தலையைச் சாய்த்து, அவளும் முன்னங்கால்களின் மேல் தாடையை வைத்துக்கொண்டாள். வார் என் கையில் தளர்வாகக் கிடந்தது.