அரசாங்கம் இன்சூரன்ஸ் நடத்தலாமா?

நடத்தக் கூடாது என்ற எதிர்ப்பு இன்றைக்கு வந்ததல்ல. ஆயுள் இன்சூரன்ஸை அரசுடைமையாக்க 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் போட்டார்கள். 245 நிறுவனங்களைச் சேர்த்து, செப்டம்பரில் எல்.ஐ.சி. வந்தது. மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடமே நம்ம செட்டிநாட்டு எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் தன் யுனைடெட் இந்தியா ஆயுள் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆரம்பித்ததுதான். வட்டிக்கணக்கிலேயே வளர்ந்த ஊருக்குக் கோபம் வராமல் இருக்குமா?

“போட்டி இல்லேன்னா கிளெய்முக்கு நாயா அலையணும்ப்பா” என்பார் காரைக்குடியில் எங்க ஐயா. அலைந்தவர்களைக் கேட்டால் அது பொய்யில்லை என்று தெரியும். சரி, அதற்கு முன் திவாலான தனியார் கம்பெனிகளில் பணம் கட்டியவர்கள் எங்கே போய் அலைவது? எல்.ஐ.சி. பாலிசித் தொகைக்கு மத்திய அரசின் உத்தரவாதம் எல்.ஐ.சி. சட்டத்தின் 37ஆம் பிரிவிலேயே இருக்கிறது.

ஐயா விவரமான ஆள். வாய் திட்டினாலும், இரும்புப் பெட்டியில் அப்பத்தா பேரில் எல்.ஐ.சி. பாலிசி வைத்திருந்தார்!