பதினோரு அளவுகோல்கள்

மொழிபெயர்ப்பு வேலைக்கு வந்த மூன்றாம் மாதம். ஒரு நலத்திட்ட ஆய்வறிக்கையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை. இரவெல்லாம் உட்கார்ந்து முடித்து அனுப்பிவிட்டேன். மறுநாள், மெய்ப்பு பார்க்கும் மூத்தவர் அச்செடுத்த தாள்களோடு என் மேஜைக்கு வந்தார். பென்சிலில் பதினோரு வட்டங்கள். பதினொன்றுக்குள்ளும் ஒரே சொல்: அளவுகோல்.

"தம்பி, மூலத்துல இதெல்லாம் ஒரே வார்த்தையா?"

இல்லை. பேஸ்லைன், பெஞ்ச்மார்க், ஸ்டாண்டர்டு, க்ரைட்டீரியா, ஓரிடத்தில் யார்ட்ஸ்டிக். அகராதியில் எல்லாவற்றுக்கும் எங்கோ ஓர் ஓரத்தில் 'அளவுகோல்' இருந்தது, நானும் போட்டுவிட்டேன். அவர் ஒன்பதாம் பக்கத்து அட்டவணையை விரலால் தட்டினார். அடுத்தடுத்து இரண்டு பத்திகள், இரண்டுக்கும் தலைப்பு அளவுகோல். மூலத்தில் முதலாவது பேஸ்லைன், அதாவது திட்டம் தொடங்குமுன் எடுத்த கணக்கு. இரண்டாவது பெஞ்ச்மார்க், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்த வேறோர் இடத்தின் கணக்கு.

"படிக்கிறவரு நாம எங்க ஆரம்பிச்சோம்னு பாப்பாரா, யாரோட ஒப்பிடுறோம்னு பாப்பாரா?"

எனக்கு வாய் எழவில்லை. அவர் திட்டவும் இல்லை. "அகராதிய மூடி வை. அந்தப் பொருளக் கையில எடுத்தா கை என்ன பண்ணும்னு யோசி" என்றார். அன்றிலிருந்து இந்தச் சொற்கள் வந்தால் அதைத்தான் செய்கிறேன்.

யார்ட்ஸ்டிக் என்றால் கஜக்கோல். மூன்றடி நீளம். கை அதை வைக்கும், எடுக்கும், மறுபடி வைக்கும். யாரும் எடுக்கலாம், எதன்மேலும் வைக்கலாம். அதனால்தான் கொஞ்சம் தோராயமான, புழக்கத்தில் உள்ள அளவைச் சொல்லும்போது ஆங்கிலத்தில் இந்தச் சொல் வருகிறது. நம் அளவுகோலும் இதுவேதான், இங்கே சிக்கலே இல்லை.

ஸ்டாண்டர்டு அப்படியல்ல. அது பூட்டி வைக்கிற பொருள். 1834-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்தபோது, அங்கே வைத்திருந்த அதிகாரபூர்வக் கஜக்கோல் பாழானது. பாழானது ஸ்டாண்டர்டு. ஊரெல்லாம் வியாபாரிகள் கையில் இருந்த யார்ட்ஸ்டிக்குகள் அன்றும் துணி அளந்துகொண்டுதான் இருந்திருக்கும். இன்னொரு வேடிக்கை, பாரிஸ் அருகே செவ்ரு என்ற இடத்தில் உள்ள பிளாட்டினம்-இரிடியம் உருளை. 2019 மே மாதம் வரை கிலோகிராம் என்றால் அதுதான். அதன் நகல்களை அதோடு எடைபோட்டுப் பார்த்தபோது, நூறாண்டில் 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது. மாறியது எது? யார் கண்டது! ஆனால் அன்றைய வரையறைப்படி உருளை எப்போதும் சரியாக ஒரு கிலோதான், ஆகவே பழி நகல்களுக்கு. தான் தப்பாகவே முடியாது என்ற அந்த அதிகாரம் 'அளவுகோல்' என்ற சொல்லில் இல்லை. நான் இடத்துக்குத் தக்கபடி 'தரநிலை' என்றோ 'நிர்ணயிக்கப்பட்ட அளவு' என்றோ எழுதுகிறேன்.

பெஞ்ச்மார்க்தான் என்னை அதிகம் படுத்தியது. நில அளவைக்காரர்கள் கல்லிலோ சுவரிலோ உளியால் கிடைமட்டமாக ஒரு கோடு வெட்டுவார்கள். அந்த வெட்டுக்குள் எல் வடிவ இரும்புத் துண்டு ஒன்றைச் செருகினால் சின்னத் திண்ணை மாதிரி நிற்கும். அதுதான் பெஞ்ச். மட்டம் பார்க்கும் கோலை அதன்மேல் நிறுத்துவார்கள். அந்த இடத்தின் உயரம் ஏற்கெனவே தெரியும், மற்ற இடங்களின் உயரத்தை அங்கிருந்து கணக்கிடுவார்கள். கவனிக்க வேண்டியது, அந்தக் கோடு யாரையும் பாராட்டுவதில்லை, திட்டுவதும் இல்லை. நீங்கள் அதற்கு மேலே இருக்கலாம், கீழேயும் இருக்கலாம். கணினித் துறையில் ஒரே நிரலை இரண்டு இயந்திரங்களில் ஓட்டி நேரம் பார்க்கும்போது இந்த நடுநிலை இன்னும் இருக்கிறது. அலுவலக அறிக்கைகளில்தான் அது எட்டிப்பிடிக்க வேண்டிய இலக்காக மாறிவிட்டது. 'பெஞ்ச்மார்க்கை அடைந்தோம்' என்று பார்த்தாலே எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கல்வெட்டை எப்படி அடைவது? இருந்தாலும் எழுதியவர் இலக்கைத்தான் நினைத்திருக்கிறார் என்றால் 'இலக்கு' என்றே போட்டுவிடுவேன். வேர்ச்சொல்லுக்காக வாசகரைக் குழப்பக் கூடாது.

டச்ஸ்டோன் வந்தால் மட்டும் நிம்மதி. நம்மிடம் உரைகல் இருக்கிறது, கை செய்கிற வேலையும் அதேதான். கருப்புக் கல்லில் பொன்னை உரசி, மாற்று, அதாவது தூய்மை, ஏற்கெனவே தெரிந்த பொன்னின் கீற்றைப் பக்கத்தில் உரசி, இரண்டின் நிறத்தையும் ஒப்பிடுவது. நீளமும் எடையும் இதில் தெரியாது, தன்மைதான் தெரியும். அதனால் எண்களுக்குப் பக்கத்தில் டச்ஸ்டோன் வந்தால் எனக்குச் சந்தேகம் வரும். ஒருவரின் பெருமைக்கும் சிறுமைக்கும் அவரவர் செயலே 'கட்டளைக் கல்' என்று குறளில் வருவதும் இந்தக் கல்தான். கட்டளை என்றால் இன்று நமக்கு உத்தரவு மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

லிட்மஸ் டெஸ்டில் கை தாளை நனைக்கிறது. சிவப்பு, இல்லையென்றால் நீலம். அந்தச் சொல்லுக்குப் பிறகு 'எந்த அளவுக்கு' என்று ஒரு வாக்கியம் தொடர்ந்தால், எழுதியவர் தாளை நனைத்ததில்லை என்று அர்த்தம். நார்ம் என்பது லத்தீனில் தச்சர் செங்கோணம் சரிபார்க்கும் மூலமட்டம். கணிதத்தில் செங்குத்துக் கோட்டை நார்மல் என்பது அதனால்தான். இப்போது ஊரோடு ஒத்துப்போவதற்குப் பெயராகிவிட்டது. க்ரைட்டீரியா பன்மை, ஒருமை க்ரைட்டீரியன். நீதி சொல்பவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு உறவுள்ளது, எதை வைத்துத் தீர்ப்பு என்பதே கேள்வி.

கோல்டு ஸ்டாண்டர்டில் நானே வழுக்கி விழுந்தேன். ஒரு மருத்துவக் கட்டுரையில் 'பொன்னான தரம்' என்று எழுதிவைத்தேன். பணத்தைத் தங்கத்தோடு கட்டிவைத்த ஏற்பாட்டின் பெயர் அது. பிரிட்டன் 1931-இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டது, பெயர் மட்டும் மருத்துவத்தில் போய்ப் பிழைத்துக்கொண்டது. அங்கே அதற்குப் பொருள், இருப்பவற்றில் அதிகம் நம்பத்தக்க பரிசோதனை. குறையே இல்லாதது என்றல்ல. அந்தத் தடவை வட்டம் போட்ட பென்சில் என்னுடையது, அதுவும் கட்டுரை அச்சாகி வந்த பிறகு.

மூத்தவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அவர் தொடங்கிய கலைச்சொல் கோப்பை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பேஸ்லைனுக்கு 'தொடக்கநிலை' என்று உறுதியாகிவிட்டது. பெஞ்ச்மார்க்குக்கு நேரே 'ஒப்பீட்டுக்குறி' என்று தட்டச்சு செய்து, மஞ்சள் பூசி வைத்திருக்கிறேன். மஞ்சள் என்றால் எங்கள் கோப்பில் 'இன்னும் முடிவாகவில்லை' என்று பொருள். நான்கு வருடமாக மஞ்சளாகவே இருக்கிறது.