கழித்தல் தெரியாத கம்ப்யூட்டர்

வேலைக்கு நடுவே கொஞ்சம் நேரம் கிடைத்தால் நான் திறந்து உட்காருவது பி.டி.பி-8 எமுலேட்டரைத்தான், அதாவது அந்தப் பழைய இயந்திரத்தைப் போலவே இன்றைய கம்ப்யூட்டரில் நடந்துகொள்ளும் புரோகிராமை. 1965-இல் வந்த மினி கம்ப்யூட்டர் அது. மொத்தம் எட்டே வகைக் கட்டளைகள், அதில் கழித்தல் கிடையாது, பெருக்கல் வகுத்தலும் கிடையாது. எதையெல்லாம் விட்டுவிடலாம் என்று இவ்வளவு தெளிவாக யோசித்துக் கட்டிய இன்னொரு இயந்திரத்தை நான் பார்த்ததில்லை.

இதைச் செய்தது டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக். எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்தில் வேலை பார்த்த கென் ஓல்சனும் ஹார்லன் ஆண்டர்சனும் 1957-இல் மாசசூசெட்ஸில் மேனார்ட் என்ற ஊரில், ஒரு பழைய கம்பளி ஆலையில் இடம் பிடித்து ஆரம்பித்தார்கள். கையில் இருந்தது 70,000 டாலர் முதலீடு, அதற்கு ஈடாகக் கொடுத்தது கம்பெனியில் 70 சதவீதப் பங்கு. கம்ப்யூட்டர் தொழிலில் அப்போது பலர் பணத்தை விட்டுக்கொண்டிருந்ததால் முதலீட்டாளர்களுக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. சரி என்று முதலில் ஆய்வகங்களுக்கான மின்சுற்று அட்டைகளைச் செய்து விற்றார்கள், அதில் லாபமும் பார்த்தார்கள். அந்த அட்டைகளை வைத்தே கட்டியதுதான் பி.டி.பி-1. விலை 1,20,000 டாலர், செய்தது வெறும் 53. எம்.ஐ.டி.க்கு வந்த ஒன்றில்தான் 1962-இல் ஸ்பேஸ்வார் விளையாட்டு பிறந்தது.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் தனி அறை, தனி ஆட்கள். துளை அட்டைகளைக் கொடுத்துவிட்டு வந்து, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். டெக் இயந்திரத்தின் முன்னால் நீங்களே உட்காரலாம், ஆனால் விலைதான் இடித்தது. 1963-இல் பி.டி.பி-5 வந்தபோது 27,000 டாலர். எட்சன் டி காஸ்ட்ரோவின் வடிவமைப்பில் பி.டி.பி-8 வந்தபோது 18,000 டாலர். ஒரு பேராசிரியர் தன் ஆராய்ச்சி நிதியிலிருந்தே வாங்கித் தன் ஆய்வகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை வந்துவிட்டது.

எப்படி இவ்வளவு இறங்கியது? ஒரு சொல்லுக்கு, அதாவது இயந்திரம் ஒரே தடவையில் கையாளும் ஓர் எண்ணுக்கு, 12 பிட்தான் (பிட் என்றால் ஒரு 0 அல்லது 1). நினைவகம் 4096 சொற்கள், இன்றைய கணக்கில் 6 கிலோபைட். கட்டளைக்கு ஒதுக்கியது மூன்றே பிட், அதனால்தான் எட்டு. புரோகிராம் எழுதுபவருக்குக் கணக்குப் போடும் இடமான அக்யுமுலேட்டர் ஒன்றே ஒன்றுதான். கழிக்க வேண்டுமா, கழிக்கும் எண்ணை அதில் ஏற்று, எல்லா பிட்டையும் புரட்டு, ஒன்று கூட்டு (இப்போது அது எதிர்மறை எண்), அப்புறம் மற்ற எண்ணைக் கூட்டு. புரட்டுவதையும் ஒன்று கூட்டுவதையும் ஒரே கட்டளையில் சேர்த்துவிடலாம், ஏனென்றால் எட்டாவது வகைக் கட்டளையில் ஒவ்வொரு பிட்டும் ஒரு சின்ன வேலையைக் குறிக்கும், வேண்டிய பிட்டுகளை எல்லாம் சேர்த்தே போட்டுக்கொள்ளலாம். இது எனக்கு முதலில் புரிந்த அன்று உண்மையிலேயே துள்ளிக் குதித்தேன். சப்ரூட்டீனுக்கு (வேண்டும்போது அழைத்து, முடிந்ததும் அழைத்த இடத்துக்கே திரும்பும் புரோகிராம் துண்டு) ஸ்டாக், அதாவது திரும்பும் முகவரிகளை அடுக்கி வைக்கும் இடம், கிடையாது. திரும்பி வர வேண்டிய முகவரியை அந்த சப்ரூட்டீனின் முதல் சொல்லிலேயே எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குத் தாவும். ஒரு சப்ரூட்டீன் தன்னைத்தானே அழைத்தால் பழைய முகவரி அழிந்துபோகும் என்பது உண்மைதான், ஆனால் அன்றைய வேலைகளுக்கு அது பெரிய குறையாக இருக்கவில்லை.

இயந்திரத்தை எழுப்புவதும் கைவேலைதான். முகப்பில் 12 ஸ்விட்சுகள். 7756 என்ற முகவரியை (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டுமே உள்ள எண்ம எண், ஒவ்வொரு இலக்கமும் மூன்று ஸ்விட்ச்) வைத்து முகவரி விசையை அழுத்த வேண்டும். அப்புறம் 6032: முதல் இரண்டு ஸ்விட்ச் மேலே, அடுத்த ஐந்தும் கீழே, இரண்டு மேலே, ஒன்று கீழே, ஒன்று மேலே, கடைசி கீழே. பதிவு விசையைத் தட்டினால் முகவரி தானாக ஒன்று நகரும். இப்படி 16 சொற்கள். அந்தக் குட்டி புரோகிராம், காகித நாடாவிலிருந்து இன்னொரு பெரிய ஏற்றியை உள்ளே இழுக்கும், அதுதான் உங்கள் நிஜ புரோகிராமை ஏற்றும். நாடாவைப் படிக்கும் தட்டச்சு இயந்திரமான டெலிடைப் வினாடிக்குப் 10 எழுத்துதான் படிக்கும், ஒரு சொல்லுக்கு இரண்டு வரிசைத் துளைகள், ஆக நினைவகம் முழுவதையும் நிரப்ப ஏறத்தாழ 14 நிமிடம். நல்லவேளை, கோர் மெமரி (சின்னக் காந்த வளையங்களால் ஆன அன்றைய நினைவகம்) மின்சாரம் போனாலும் மறக்காது. நினைவகத்தின் கடைசிப் பகுதியில் வேறு எதையும் எழுதாத வரை அந்த 16 சொற்களும் அங்கேயே கிடக்கும்.

கம்பெனியின் மீதிக் கதை பலருக்கும் தெரிந்ததுதான். டி காஸ்ட்ரோ 1968-இல் வெளியேறி டேட்டா ஜெனரல் தொடங்கி, அடுத்த ஆண்டே 16 பிட் நோவாவோடு வந்தார். டெக்கின் 16 பிட் இயந்திரமான பி.டி.பி-11 1970-இல் வந்தது, யூனிக்ஸ் இயங்குதளம் வளர்ந்ததும் சி என்ற புரோகிராம் மொழி உருவானதும் அதில்தான். 1977-இல் டெக்கின் அடுத்த இயந்திரமான வாக்ஸ். ஒரு கட்டத்தில் உலகிலேயே ஐ.பி.எம்.முக்கு அடுத்த கம்ப்யூட்டர் நிறுவனம், ஆனால் தனிநபர் கம்ப்யூட்டர்கள் வந்தபோது சுதாரிக்கவில்லை. 1992-இல் ஓல்சன் விலகினார், 1998-இல் காம்பாக் என்ற கம்ப்யூட்டர் நிறுவனம் டெக்கை வாங்கிவிட்டது. ஓல்சனைத் திட்டுவதற்கு மட்டும் இந்தக் கதையைச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. சாதாரண ஆய்வகங்களுக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய்ச் சேர்த்ததும் அதே மனிதர்தான்.

பி.டி.பி-8 குடும்பம் 50,000-க்கும் மேல் விற்றது. மற்ற நிறுவனங்கள் மொத்தமாக வாங்கித் தங்கள் கருவிகளுக்குள் வைத்து விற்றதால், அதைப் பயன்படுத்திய பலருக்குத் தாங்கள் கம்ப்யூட்டரைத்தான் இயக்குகிறோம் என்பது தெரிந்திருக்காது. 1980-களில் அலுவலகங்களில் கடிதம் தட்டச்சு செய்ய டெக் விற்ற டெக்மேட் இயந்திரங்களிலும் அதே எட்டு வகைக் கட்டளைகள்தான் ஓடின, அதற்குள் அந்தச் செயலி முழுவதும் ஒரே சிப்பில் அடங்கிவிட்டிருந்தது.