கூப்பன் சூடான கதை

ராக்கெட் மோட்டார் ஒரே ஒரு தடவதான எரியும், அதுக்கு எதுக்குப்பா ஃபேட்டிக் டெஸ்ட்டு, திரும்பத் திரும்ப பாரம் ஏத்தி எறக்கி சோதிக்கறதுன்னு காட்பாடில டீக்கடைல நின்னு பேசறப்ப நெறைய பேர் கேட்டிருக்காங்க. நியாயமான கேள்விதான். பிஎஸ்எல்வியோட மூணாவது ஸ்டேஜ் மோட்டார் கேஸ், அதாவது எரிபொருள அடைச்சு வைக்கற கூடு, கெவ்லார்ங்கற உறுதியான நூல் சுத்தி செஞ்சது, அது எரியறது ரெண்டு நிமிஷத்துக்கும் கம்மி. ஆனா எந்த மோட்டார் கேஸா இருந்தாலும் எரியறதுக்கு முன்னாடி அது படற பாடு இருக்கே, தாங்குதான்னு பாக்க ப்ரூஃப் பிரஷர் ஏத்தி எறக்குவாங்க, ட்ரெய்லர்ல ஊர் ஊரா குலுங்கிக்கினு போவும், கிரேன்ல தொங்கும், ஸ்டோர்ல சூடும் குளிருமா மாறி மாறி கெடக்கும். அதெல்லாம் தாங்கிட்டுதான் அந்த ரெண்டு நிமிஷம்.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஒரு டெஸ்ட் லேப்ல சேந்த புதுசு. கார்பன்-எபாக்ஸி கூப்பன், அதாவது கார்பன் நூல எபாக்ஸிங்கற ரெசின்ல, ஒரு மாதிரி பசைல, ஒட்டி செஞ்ச சாம்பிள் பட்டை, 250 மில்லிமீட்டர் நீளம், 25 அகலம், நூல் ரெண்டு பக்கமும் 45 டிகிரில சாய்ஞ்சு ஓடற லேஅப், அதாவது நூல அடுக்கற மொற. 10 லட்சம் சைக்கிள் ஓட்டணும், அதாவது அத்தன தடவ இழுத்து விடணும். 5 ஹெர்ட்ஸ்ல, செகண்டுக்கு 5 தடவன்னு, ஓட்டினா 55 மணி நேரத்துக்கு மேல ஆவும், 15ல வச்சா பத்தொம்பது மணி நேரத்துக்குள்ள முடியும். ரிப்போர்ட்டுக்கு அவசரம். மே மாசம், ஏசியும் ரிப்பேர். நான் 15ல வச்சிட்டேன்.

காலைல ஒம்பதரைக்கு போட்டது, ஒரு மணிக்கு சோத்து டப்பாவ தெறக்கறேன், பட்டுனு சத்தம். ரெண்டு லட்சம் கூட தாண்டல. மெஷினோட பல வருஷமா இருக்கற அண்ணன் பம்ப்ப நிறுத்திட்டு ஒடைஞ்ச துண்ட கழட்டி என் உள்ளங்கைல வச்சாரு, "தொட்டுப் பாரு தம்பி, எப்படி சூடா கீது". அப்பதான் போட்ட டீ கிளாஸ் மாதிரி சுட்டுச்சு.

இந்த லேஅப்புல இழுக்கற தெசைல நூலே இல்ல, அதனால ஒவ்வொரு சைக்கிளுக்கும் பாரத்துல பெரும்பங்கு ரெசின் தலைலதான், அந்த இழுபறில சூடு பொறக்குது, எபாக்ஸி அத சீக்கிரம் வெளிய விடாது. சூடு ஏறினா ரெசின் எளகும், எளகினா இன்னும் நீளும், நீண்டா இன்னும் சூடு. ஒடைச்சது லோடு இல்ல, நான் வச்ச ஸ்பீடு. அந்த பாயிண்ட்ட, எவ்ளோ லோடுக்கு எத்தன சைக்கிள் தாங்கும்னு காட்டற எஸ்-என் கர்வ்ல போட்டிருந்தா யாரோ ஒரு டிசைனர் அத நம்பி கணக்கு போட்டிருப்பாரு, அத நெனச்சா இப்பவும் வயித்த கலக்குது.

சார்கிட்ட போயி நானே சொல்லிட்டேன். அவரு திட்டல, "இன்னொண்ணு போடு, சூட்ட அளக்க தெர்மோகப்புள் ஒட்டிட்டு போடு"ன்னாரு, அவ்ளோதான்.

அடுத்தத 5 ஹெர்ட்ஸ்ல போட்டேன். ரெண்டாவது ராத்திரி கரண்ட் போயி பம்ப் நின்னுச்சு, டார்ச் அடிச்சு சைக்கிள் கவுண்ட்ட நோட்டுல எழுதி வச்சேன். கார்பன் கருப்பு, வெளிய ஒண்ணும் தெரியாது. கிளாஸ் ஃபைபரா இருந்தா வெள்ளையா பூக்கும், பாத்தே சொல்லலாம், இதுல அதே லோடுக்கு எவ்ளோ கூட நீளுதுங்கறதுதான் ஓடறப்ப எனக்கு கெடைச்ச அடையாளம், உள்ள ரெசின்ல விரிசல் விழுந்து லேயர் லேயரா பிரியறத அந்த நம்பர்தான் காட்டுது. கரண்ட் வந்து திரும்ப ஓட்டினப்பறம் விடியற வரைக்கும் அதையும் டெம்பரேச்சரையும் பாத்துக்கினே உக்காந்திருந்தேன். 10 லட்சமும் ஓடுச்சு, ஒடையல.